மஞ்சள் சீட்டு

"சட்டைப் பையில இருக்கற சீட்ட எடு. நான் பாக்கணும்."

ஓட்டு விஷயத்தில் புருஷனிடம் வாயைத் திறக்காதே என்று தமாருக்கு அவள் அம்மா கல்யாணத்தன்றே சொல்லியிருந்தாள். திறந்தாயிற்று.

பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த கட்ஜோ நிமிரவில்லை. "டீச்சரம்மா காலங்காத்தால வீட்டுலயே பாடம் ஆரம்பிச்சாச்சா?"

அவளே கையை விட்டு எடுத்தாள். மஞ்சள். நிலக்காரர்கள் கட்சியின் சீட்டு; விடுதலையான அடிமைகள் ஆதரிக்கும் கட்சிக்கு நீலம். நேற்று நிலத்துச் சொந்தக்காரர் மேஜர் ஹார்வுட்டின் மேஸ்திரி அவன் கையில் எதையோ திணித்ததை அவள் பார்த்திருந்தாள். அடிமைமுறை ஒழிந்து பத்து வருஷம் கடந்திருந்த தென் கரோலினாவில் ஒவ்வொரு கட்சியும் தன் ஓட்டுச் சீட்டைத் தன் நிறத்தில் அச்சடித்துக் கொடுக்கும். எவன் எதைப் போடுகிறான் என்பது பெட்டியருகே நிற்கிற எல்லாருக்கும் தெரியும்.

"நீலச் சீட்டப் போட்டா மேஜர் நிலத்த விட்டு வெரட்டிடுவாராம். கவர்னரா எவன் வந்தா நமக்கென்ன? பருத்தி இன்னும் வயல்ல நிக்குது, புள்ள."

"அந்த மேஜர் அடிமைக் காலத்துல எங்கம்மாவ ஏலத்துல வித்தவரு. அவரு ஆளு கவர்னரானா மொதல்ல என் பள்ளிக்கூடத்துக்குத்தான் பூட்டு. எங்க குடும்பத்துல பட்டம் வாங்குன மொத ஆளு நான், பொம்பளைங்கறதால எனக்கு ஓட்டு இல்ல. இந்த வீட்டுக்கு இருக்கறது ஒத்த ஓட்டு. அதுல பாதி என்னோடது. அதத் தூக்கி மேஜருக்குக் குடுக்க நீ யாரு?"

போன ஞாயிறு தேவாலயத்தில் பெண்கள் எழுந்து நின்று சத்தியம் செய்திருந்தார்கள்: மஞ்சள் சீட்டை வாங்குகிறவனோடு குடித்தனம் கிடையாது. பின்வரிசை ஆண்கள் சிரித்தார்கள். உரக்கச் சிரித்தவன் கட்ஜோ. இப்போதும் சிரித்தான்.

"உங்க சத்தியமெல்லாம் ரெண்டு நாளைக்குத் தாங்குமா?"

வெளியே, ஓட்டுச்சாவடிக்குக் கிளம்பிய பெண்கள் கூட்டத்திலிருந்து சூக்கி கத்தினாள். "ஏய் தமார்! உன் வீட்டு ஆம்பள என்ன நெறம்?"

தமார் ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். "மஞ்சக் காமாலை, அக்கா!"

தெருவே சிரித்தது. கட்ஜோவின் முகம் தொங்கிப்போனது.

"சரி, விடுடி. நீலத்தையே போட்டுத் தொலைக்கறேன். இருப்பல்ல?"

"போடு. அது உன் மானத்துக்கு. அதுக்குக் கூலியா நான் கெடைக்க மாட்டேன்."

"அப்பறம் எதுக்குடி கேட்ட?"

"நான் கேட்டுத்தான் நீ போடணுமா? கேக்காமயே போடுவேன்னுதான உன்னக் கட்டிக்கிட்டேன்."

நீலச் சீட்டு ஒன்றை மேஜைமேல் வைத்தாள். விடியும் முன்பே கட்டி வைத்திருந்த துணிமூட்டையைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தாள். கட்ஜோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். சால்வையைத் தோளில் இறுக்கிக்கொண்டு, அவள் பெண்களோடு சேர்ந்து நடக்கப் படியிறங்கினாள்.