பள்ளிக்கூடத்துக்குப் புதன்கிழமை முறை

விளாத்திமோட்டைப் பள்ளிக்கூடத்தின் மேல் மட்டும் மழை பெய்யத் தொடங்கியது 2016ஆம் ஆண்டு வைகாசி மாதத்தின் முதற் புதன்கிழமை, காலை எட்டு மணிக்கு. பத்து மணிக்கு நின்றது. கிழக்கு வேலிக்கு வெளியே நின்ற ஜெயரூபியின் மாடு நனையவில்லை. வேலிக்குள்ளே தலையை விட்டு மேய்ந்துகொண்டிருந்ததால் கொம்பும் காதும் மட்டும் நனைந்தன. தண்ணீரூற்றுச் சந்திக்கு மேற்கே காட்டோரம் கிடக்கிற இந்த ஊரில் ஐம்பத்துமூன்று குடும்பங்கள். வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு உப்புத்தண்ணீரில் விளக்கெரிவதை வருடா வருடம் பார்க்கிற சனம் அது. ஆகவே யாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. இது யாருடைய முறைத் தண்ணீர் என்றுதான் கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லோரும் ஸக்கியாவின் முகத்தைப் பார்த்தார்கள், ஏனென்றால் குளத்துத் தண்ணீர் யாருக்கு எந்த நாள், எந்த நேரம் என்று எழுதிய முறைக் கொப்பி அவளிடம்தான் இருந்தது.

ஸக்கியா, ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்புக்குச் செயலாளர். சண்டையால் ஏழு வயதில் ஊரை விட்டுப் போய், இருபத்தொரு வருடம் புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்து, திரும்பி வந்து, வாப்பாவின் இரண்டு ஏக்கர் வயலைக் காட்டிடமிருந்து பிடுங்கியெடுத்தவள். அவளுடைய படிப்பு அங்கே எட்டாம் வகுப்போடு நின்றுபோனது; கையெழுத்து மட்டும் அழகாக மிஞ்சியது. கணவன் இஸ்ஸதீனுக்குத் தண்ணீரூற்றில் சின்னக் கடை. மகள் ஸுல்பா அப்போது நாலாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது பிள்ளைகள். கிணற்றுத் தண்ணீர் கல்லுத்தண்ணீர். அதில் தேத்தண்ணி போட்டால் மேலே ஆடை கட்டும். மாரி கழிந்தால் அதுவும் இல்லை. மலசலகூடத்தில் ஊற்றத் தண்ணீர் இல்லாததால் பெண்பிள்ளைகள் பதினொரு மணிக்கே வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். தண்ணீரும் இல்லை, பிள்ளைகளும் இருபதுக்குக் குறைவு, இப்படியே போனால் மூடவேண்டி வரும் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அடுத்த பள்ளிக்கூடம் ஏழு கிலோமீற்றர், நடுவில் யானைக் காடு. மூடினால் ஸுல்பா எந்த வகுப்போடு நிற்பாள் என்பதை ஸக்கியாவுக்கு யாரும் எண்ணிக் காட்டத் தேவையில்லை.

குளத்தின் கதை அதற்கு முந்தியது. சண்டைக் காலத்தில் உடைந்து, பற்றை மூடிக் கிடந்த குளத்தை 2015 ஆவணியில் தொடங்கி நாற்பது நாளில் ஊரே சேர்ந்து கட்டியது. குளக்கட்டுக்கு மண் சுமந்தவருக்குத்தான் தண்ணீர் முறை, சுமக்காதவருடைய வயல் தண்ணீர் திறக்கிற துருசுக்கு நேர் கீழே கிடந்தாலும் கிடையாது என்பது விளாத்திமோட்டையில் பாட்டன் காலத்துச் சட்டம். அந்த நாற்பது நாளும் பள்ளிக்கூடம் விட்டபின் பத்தொன்பது பிள்ளைகளும், அதிபர் ஜெகதீஸ்வரி ரீச்சரோடு வந்து, சத்துணவுக் கோப்பைகளில் மண் சுமந்தார்கள். மாரியில் குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தது. சித்திரை மாதம், கோடை விதைப்புக்கான சிறுபோகக் கூட்டத்தில் ஸக்கியா முறைகளை வாசித்துக்கொண்டு போய், பள்ளிக்கூடம், புதன், எட்டிலிருந்து பத்து வரை என்று வாசித்தாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. தலைவர் வீரகத்தி சிரிக்கவில்லை. குடியேற்றக் காணிக்காகக் குடாநாட்டிலிருந்து வந்த தகப்பனுக்குப் பிறந்தவர். கடைசி வாய்க்காலில் மூன்று ஏக்கர் செய்கிறவர். அவர் வருவதற்கு முன் அவருடைய மீசை வந்து சேரும் என்று ஊரில் பகிடி இருந்தது.

"தங்கச்சி, பள்ளிக்கூடம் மேட்டுக்காணியெல்லே. குளத்தை விட ஆறடி உயரத்தில கிடக்கு. தண்ணி என்ன, படியேறிப் போகுமோ?"

"போற வழி எனக்குத் தெரியாது அண்ணை. பிள்ளையள் மண் சுமந்தவை. சுமந்தவைக்கு முறை எழுதோணும். அது நீங்களே சொல்லுற சட்டம்."

"சரி, எழுதுங்கோ. அந்த மேட்டில தண்ணி ஏறினா நான் மீசையை வழிக்கிறன்."

எழுதினாள். தண்ணீர் ஏறவில்லை, இறங்கியது. முதற் புதன் பெய்ததைத் தற்செயல் என்றார் வீரகத்தி. இரண்டாம் புதனும் அதே நேரத்துக்குப் பெய்தது. மூன்றாம் புதன் துருசு திறக்கிற சதீஸ் குளத்தடியில் காவலிருந்து பார்த்தான். துருசு பூட்டியிருக்க, எட்டுக்கும் பத்துக்கும் இடையில் குளம் சரியாக இரண்டு விரல் இறங்கியது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக் கூரையில் நாலைந்து விரால் குஞ்சுகளும் விழுந்தன. அதற்கு மேல் வாதாட ஒன்றுமில்லை. வீரகத்தி வியாழக்கிழமை சந்திச் சலூனுக்குப் போய், சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு வந்தார். அவருடைய மனைவி நேசமலர் இரண்டு நாள் அவரை யாரோ என்றுதான் பார்த்தா.

வந்த தண்ணீரை வீணாக்கினால் அடுத்த போகத்தில் முறை கிடைக்காது என்பதும் சட்டம். ஊர் மறுபடியும் மண்வெட்டி எடுத்தது. மழைத்தண்ணீர் வழிந்தோடக் கூரைக்குப் பீலி வைத்தார்கள். சீமெந்தில் ஒரு தாங்கி கட்டினார்கள். மிச்சத் தண்ணீர் ஓடுகிற இடத்தில் கத்தரி, பயற்றை, முருங்கை வைத்தார்கள். வேலியோரம் நட்ட மருதங்கன்றுகள் வாரத்தில் ஆறு நாள் வெயிலும் ஒரு நாள் மழையும் என்று கணக்கு வைத்துக்கொண்டு வளர்ந்தன. பெண்பிள்ளைகள் கடைசி மணி வரைக்கும் இருந்தார்கள். பக்கத்துப் பன்னிரண்டு வீடுகள் குடிதண்ணீருக்கு அந்தத் தாங்கிக்கே வந்தன, கல்லுத்தண்ணீர் குடித்து வந்த வயிற்றுவலிகள் குறைந்தன. வருட முடிவில் பிள்ளைகள் முப்பத்துநாலு பேர். தாங்கி மட்டும் செவ்வாய் பின்னேரத்தோடு வறண்டுவிடும், புதன் வந்து நிரப்பும்.

அந்த வருடம் மார்கழி மழை பொய்த்தது. தை பிறந்தபோது குளத்தில் மூன்று முறைக்குத்தான் தண்ணீர். நெல்லோ கதிர் கருக்கட்டுகிற குடலைப் பருவம், ஒரு தண்ணீர் தவறினால் எல்லாம் பதராகிவிடும். பள்ளிக்கூடத்தை மூடுவதா விடுவதா என்று பார்க்க அதிகாரி வருகிறார் என்ற கடிதமும் அதே கிழமை வந்தது. வருகிற நாள் புதன். கூட்டத்தில் சுதாகரன் எழும்பி, பள்ளிக்கூடத்து முறையை வெட்ட வேண்டும் என்றான். கெட்டவன் அல்ல, வயலில் கடன்பட்டு விதைத்தவன். பாதிப்பேர் ஓம் என்றார்கள். ஸக்கியாவின் இரண்டு ஏக்கரும் வாடிக்கொண்டுதான் இருந்தது. என்றாலும் வெட்டமாட்டேன் என்றாள், மண் சுமந்தவரின் முறையை வெட்ட இந்தக் கொப்பியில் இடமில்லை என்றாள்.

"கொப்பியைத் தாங்கோ தங்கச்சி," என்றார் வீரகத்தி.

வாங்கி, பேனையைத் திறந்து, ஒரு வரியை அழுத்தி வெட்டினார். ஸக்கியா எட்டிப் பார்த்தாள். வெட்டியிருந்தது அவருடைய சொந்த முறையை.

"கடைசி வாய்க்காலுக்கு எப்பிடியும் தண்ணி வந்து சேராது. மீசையும் போச்சு, வயலும் போகட்டும். பள்ளிக்கூடமாவது நிக்கட்டும்."

சுதாகரன் தன் முறையில் கால்மணி நேரம் அவருக்கு விட்டுத்தந்தான். மற்றவர்களும் தந்தார்கள். என்றாலும் அந்தக் கால்மணிகள் நடு வாய்க்காலை நனைக்கத்தான் காணும்; வீரகத்தியின் வயலுக்குச் சொட்டும் எட்டாது.

செவ்வாய்க்கிழமை ஸுல்பா உம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டாள்: முறை கைமாற்றலாமா? தாராளமாக, சொந்தக்காரர் கையெழுத்து வைத்தால் போதும். பிள்ளை கொப்பியைத் தூக்கிக்கொண்டு ரீச்சரிடம் ஓடினாள். ஜெகதீஸ்வரி ரீச்சர் கையெழுத்து வைத்தா.

புதன் காலை அதிகாரி வந்தார். உருத்திரபுரத்துக் கமக்காரர் ஒருவரின் மகன். எட்டு மணிக்கு மழை வந்தது. அவர் விறாந்தையில் நின்று முப்பத்துநாலு பிள்ளைகளையும் எண்ணினார், நிரம்பும் தாங்கியைப் பார்த்தார், தோட்டத்தைப் பார்த்தார். ஒன்பதரைக்கு மழை பள்ளிக்கூடத்தை விட்டு இறங்கி, வேலியைத் தாண்டி, வாய்க்கால் வரம்பால் நடந்து, யாருடைய வயலையும் தொடாமல் கடைசி வாய்க்காலுக்குப் போய், வீரகத்தியின் மூன்று ஏக்கரில் அரைமணி நேரம் நின்று பெய்தது. வீரகத்தி வரம்பில் நின்று நனைந்தார். அழுதாரோ என்று கேட்டால் மழைத்தண்ணி என்பார்.

"இந்தத் தண்ணி எங்கயிருந்து வருது?" என்று அதிகாரி கேட்டார்.

ஸக்கியா கொப்பியை நீட்டினாள். அவர் வெட்டிய வரியையும், கைமாற்றிய வரியையும், ரீச்சரின் கையெழுத்தையும் வாசித்தார். படிவத்தில் நீர்வசதி என்ற இடத்தில் 'முறைத் தண்ணீர்' என்று எழுதி, பள்ளிக்கூடத்தை மூடத் தேவையில்லை என்று கையொப்பமிட்டார். ஸக்கியா எல்லோருக்கும் முன்னால் அழுதாள். சந்தோசத்துக்கு என்ன வெட்கம்?

மற்ற இரண்டு புதனும் அந்த அரைமணி அங்கேதான் பெய்தது. வீரகத்தியின் வயல் விளைந்தது. அடுத்த வருடம் பள்ளிக்கூடத்துக்கு ஆறாம் வகுப்பு வந்தது, அதற்கடுத்த வருடம் ஏழு. ஒவ்வொரு வகுப்பும் ஸுல்பாவுக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்து வைத்தது போல. இப்போது அவள் பதினோராம் வகுப்பு, பிள்ளைகள் நூற்றிப்பத்துப் பேர், மருத மரங்களின் கீழே இரண்டு வகுப்புகள் நடக்கின்றன. கடந்த சிறுபோகக் கூட்டத்துக்குப் பள்ளிக்கூடத்தின் சார்பில் வந்தவள் அவள்தான்.

"போன புதன் எங்கட முறை பத்து நிமிசம் பிந்தித்தான் வந்தது. ஏனெண்டு அமைப்பு சொல்லோணும்," என்றாள் எழும்பி நின்று.

வீரகத்தி, மீசை இல்லாமலே பழகிப்போன முகத்தோடு, சதீஸை முறைத்தார். விசாரித்ததில் சுதாகரன் தன் வாய்க்காலைப் பத்து நிமிடம் பிந்திப் பூட்டியது தெரியவந்தது. சனிக்கிழமை வந்து பள்ளிக்கூடப் பீலியில் சருகு அள்ள வேண்டும் என்று தீர்ப்பானது, சுதாகரனும் சரியென்றான். ஸக்கியா கொப்பியை விரித்து, தன் அழகான கையெழுத்தில், பள்ளிக்கூடம், புதன், பத்து நிமிடம் பிந்தியது என்று எழுதினாள். முறையிட்டவர் என்ற இடத்தில் கை கொஞ்சம் நின்றது. பிறகு இஸ்ஸதீன் ஸுல்பா, முறைக்காரர் என்று முழுதாக எழுதினாள்.

அடுத்த புதன் மழை எட்டு மணிக்கே வந்தது.