அப்பாவிடம் சொல்லாத ஆராய்ச்சி

கோகிலவாணி பெங்களூரில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி வீங்கினால், அதிலிருந்து அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவில், புரதங்களில் ஏற்படும் நுண்ணிய வேதி மாற்றங்களைக் கண்டறிவது அவள் வேலை. எந்த மாற்றம் கூடினால் சிறுநீரின் வேகம் குறைகிறது என்று நான்கு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தாள். அதியமான்கோட்டை வீட்டில் மட்டும், புரதத்தைப் பற்றிய ஆராய்ச்சி என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். அந்த உறுப்பின் பெயரை அப்பாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

அப்பா குப்புராஜுக்கு அறுபத்தொரு வயது. சொந்த வேனில் சேலத்துக்குத் தக்காளி ஏற்றிப் போவார். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தவள், அன்று சேலத்தில் தோழியின் கல்யாணத்துக்காக அவருடன் வேனில் கிளம்பினாள். அப்பாவுக்கு இரண்டு நாளாகச் சளி. முந்தின நாளும் அன்று காலையிலும் அவள்தான் கடை மாத்திரை கொடுத்திருந்தாள்.

தொப்பூர் இறக்கத்தில் லாரி ஒன்று கவிழ்ந்து சாலை அடைத்துக் கிடந்தது. பத்து மணிக்கு நின்ற வண்டி நகரவில்லை. அப்பா மூன்று முறை இறங்கி ஓரமாகப் போய்விட்டுத் திரும்பினார். மூன்றாவது முறை முகமெல்லாம் வியர்வை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். சட்டைக்குக் கீழே அடிவயிறு புடைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தாள். சிறுநீர் அடைத்துக்கொண்டது என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. சில சளி மாத்திரைகள் இந்த அடைப்பை முற்றவைக்கும்; தான் கொடுத்த மாத்திரையும் நினைவுக்கு வந்தது.

"எத்தன வருசமாங்கப்பா?"

"நாலஞ்சு வருசமாச்சு. பொம்பளப் புள்ளகிட்ட இத எப்பிடிச் சொல்றது கண்ணு."

108-க்கு அடித்தாள். இருந்த ஆம்புலன்ஸ் விபத்துக்குப் போய்விட்டது, அடுத்தது இந்த நெரிசலுக்குள் வர முடியாது என்றார்கள். பைக்கில் வந்த ஒருவர் ஏற்றிக்கொண்டார். முதல் குலுக்கலிலேயே அப்பா கத்திவிட்டு இறங்கினார். தேவைப்பட்டது ஒரு மெல்லிய ரப்பர் குழாய், அதைப் போடத் தெரிந்த ஒரு நர்ஸ். அவள் அப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மணிக்குக் கிரேன் வந்து கவிழ்ந்த லாரியை அகற்றி வழி விட்டது. பின்னால் நின்ற லாரி டிரைவர் தமிழ்மணி, தன் வண்டியைக் கூட வந்த மாற்று டிரைவரிடம் விட்டுவிட்டு, வேனைச் சேலத்துக்கு ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் குழாய் வழியே ஒன்றரை லிட்டருக்கு மேல் வந்தது. சிறுநீர்ப்பை வருடக்கணக்காக இழுபட்டுத் தளர்ந்திருக்கிறது, இப்போது இன்னும் கெட்டுவிட்டது என்றார் டாக்டர். சளி மாத்திரையைப் பற்றி அவள் சொன்னாள். நிறைய பேருக்கு இப்படி ஆவதுதான் என்று எழுதிக்கொண்டே சொன்னார்.

அன்று சாயங்காலம் கட்டில் அருகே உட்கார்ந்து, தான் படிப்பது எதை என்று அப்பாவிடம் முழுவதும் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்ப உங்க ஆராய்ச்சியில இதுக்குப் புது மருந்து கெடச்சிருக்குதா?"

"இல்லீங்கப்பா. ஏன் அடைக்குதுன்னுதான் பாத்துட்டிருக்கோம். புது மருந்தெல்லாம் ரொம்ப தூரம்."

"நீயும் சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம்" என்றார்.

பத்து நாள் கழித்து அறுவை சிகிச்சை நடந்தது. அடைப்பு போய்விட்டது, இனி சிறுநீர்ப்பைத் தசைக்குத் தெம்பு இருக்க வேண்டும் என்றார் டாக்டர். மூன்றாம் நாள் காலை குழாயை எடுத்துவிட்டு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். மதியம் அப்பா கழிப்பறைக்குள் போய்க் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் சத்தம் கேட்டால் சிறுநீர் வரும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். கோகிலவாணி கதவுக்கு வெளியே நின்றாள். வாளி நிறைந்து வழிந்தது. அரை மணி கழித்து அப்பா வெளியே வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், வரவில்லை என்று தலையை ஆட்டினார்.

நர்ஸ் புதுக் குழாய் ஒன்றை எடுத்து உறையைப் பிரித்தார்.