கண்ணாடியில் ஓடும் வரிகள்

மார்ச் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடியில், ஓஎல்இடி திரை ஒன்றின் மின்செலவு முப்பத்தெட்டு விழுக்காடு குறைந்ததாகப் பதிவானது.

திரை விரல்நகத்தைவிடச் சிறியது. காது கேளாதவர்கள் அணியும் மூக்குக்கண்ணாடியின் விளிம்பில் இருப்பது. எதிரே இருப்பவர் பேசப் பேச, அந்தப் பேச்சு எழுத்தாகக் கண்முன் ஓடும். இவ்வகைத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடுகிறது. கறுப்பாகக் கிடக்கும் புள்ளி எதையும் செலவழிப்பதில்லை. ஆகவே மிச்சம் பிடிக்க நினைப்பவர் எரியும் புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், இல்லையென்றால் எரிபவற்றை மங்கலாக்கலாம்.

இந்த வேலையைச் செய்த பொறியாளரைக் கூட இருந்தவர்கள் கஞ்சன் என்று அழைத்தார்கள். அவர் மங்கலாக்கும் வழியை எடுத்துக்கொண்டார். அதிக மின்சாரம் குடிக்கும் நீலத்தை வெட்டி, எழுத்தை மஞ்சளாக்கி, வெளிச்சத்தையும் நன்றாக இறக்கினார்.

அவருடைய அவசரத்துக்குக் காரணம் வீட்டில் இருந்தது. தங்கை மருந்தாளுநர். கல்லூரி நாட்களில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது கேட்காமல் போனது. மருந்துக்கடையின் முன்கவுண்டரில் அந்தக் கண்ணாடியை நம்பித்தான் நின்றாள். அதன் மின்கலம் கூட்டம் நெரியும் மாலை நேரமாகப் பார்த்துப் படுத்துவிடும். கழற்றி மாற்றவும் முடியாது. இன்னொரு முறை அப்படி நடந்தால் பின்னறையில் பெட்டி அடுக்க அனுப்பிவிடுவேன் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

புதிய கண்ணாடியை ஒரு நாள் முழுக்கக் கடையில் போட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். வீட்டில் உதடுகளைப் பார்த்தே அவளுக்குப் பேச்சு புரிந்துவிடும்.

“என்ன, பேட்டரி தாங்குச்சா?” என்று கேட்டார் கஞ்சன்.

“அது தாங்குச்சு. நான்தான் திருதிருன்னு முழிச்சேன். எழுத்தே தெரியலண்ணா. ஒருத்தர் வயித்துவலின்னு சொல்லிட்டு இருக்கார், நான் அவர் வாயையே வெறிச்சுப் பார்க்கறேன். பக்கத்துல அவர் பொண்டாட்டி வேற.”

“கடை வெளிச்சம் மாதிரியே விளக்கு போட்டுத்தானே சோதிச்சோம்? எல்லாரும் தடங்கல் இல்லாம படிச்சாங்களே.”

“அப்போ காதோட சேர்த்து என் கண்ணும் போச்சுங்கறியா?”

மறுநாள் அவளையும் ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

படிப்புச் சோதனை எளிமையானது. ஒருவர் பலத்த விளக்கின் கீழ் கண்ணாடியோடு உட்கார்ந்து, ஓடும் வரிகளை உரக்கப் படிப்பார். அதே வரிகள் பக்கத்திலுள்ள மானிட்டரிலும் ஓடும். அன்று உட்கார்ந்தவர், எதற்கும் வாதம் செய்வதால் வக்கீல் என்று பெயரெடுத்த ஊழியர்.

“கிழக்குப் பக்கக் கதவு திறந்திருக்கிறது. ஈரமான நாய் ஒன்று உள்ளே வந்துவிட்டது...”

தங்கை அவருடைய உதடுகளையும் மானிட்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணனின் முழங்கையை இடித்தாள்.

“அவர் வாய் முந்திக்கிட்டு ஓடுது. மானிட்டர்ல நாயே இன்னும் வரல.”

யாரும் தடுப்பதற்குள் விசைப்பலகையை இழுத்து, அடுத்த வரியை அழித்துவிட்டு வேறொன்றை அடித்தாள்: காலைல பல்லு தேச்சீங்களா?

வக்கீல் சற்றும் தயங்காமல் படித்தார்: “அதைத் துடைக்க ஒரு துண்டு கொடுங்கள்.”

அறை சிரித்தது. ஆய்வுக்கூட மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை.

“எத்தனை வருஷமா இதே நாயை ஓட்டிட்டு இருக்கோம்?”

“நான் சேர்ந்ததுலேருந்து இதேதான் மேடம்,” என்றார் வக்கீல். “ஆனா ஒண்ணு, நான் படிச்சேன். எழுத்து தெரிஞ்சுது.”

“தெரிஞ்சுதா? அப்போ அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“என்ன கேட்டாங்க?”

அவர் பொய் சொல்லவில்லை. அங்கிருந்த ஒவ்வொருவரும் அந்தப் பத்தியைப் பல நூறு முறை படித்திருந்தார்கள். ஓர் எழுத்தின் நிழல் தெரிந்தாலே மீதியை மனம் நிரப்பிக்கொண்டது. கண் படித்ததாக அவர்கள் நம்பினார்கள்.

அன்று மதியம் செய்தித்தாளிலிருந்து எடுத்த வரிகளை ஓடவிட்டார்கள். வக்கீல் உட்பட எல்லோரும் திணறினார்கள். பிழையில்லாமல் படிக்கிற அளவுக்கு வெளிச்சத்தை ஏற்றியதும் சேமிப்பு பதினொரு விழுக்காட்டில் வந்து நின்றது. கடையில் மாலைக் கூட்டம் முடியும்வரை மின்கலம் தாங்க அது போதாது.

எரியும் புள்ளிகளைக் குறைக்கும் வழி மிச்சம் இருந்தது. திரையில் எப்போதும் நான்கு வரிகள் நிற்கும்: கடைசியாகப் பேசியது ஒன்று, அதற்கு முந்தையவை மூன்று. பழையவற்றை உடனுக்குடன் அணைத்தால் கணக்கு சரியாக வரும். ஆனால் மருந்தின் பெயரையும் அளவையும் தங்கை அந்தப் பழைய வரிகளில்தான் சரிபார்ப்பாள். கஞ்சன் அதைத் தொடத் தயங்கினார்.

“முன்ன பேசுனது நிக்காது. பேசிட்டு இருக்கறது மட்டும்தான் தெரியும். சமாளிச்சுக்குவியா?”

“எல்லாத்தையும் ரெண்டு தடவை சொல்ல வைக்கணும்.”

“எரிச்சல் படுவாங்க.”

“படட்டும். பெட்டிங்க எரிச்சல் படாதுன்னு பின்னாடி போய் உட்காரச் சொல்றியா?”

அவர் அந்த மூன்று வரிகளையும் அணைத்தார்.

புதிய மென்பொருள் ஏப்ரல் கடைசியில் வெளியானது. தங்கையின் கண்ணாடி கடை மூடும்வரை அணையாமல் இருந்தது. கவுண்டரில் வரிசை மெதுவாக நகர்வதாகச் சிலர் புகார் செய்தார்கள். பின்னறையில் பெட்டி அடுக்கக் கடைக்காரர் வேறொருவரை அமர்த்தினார்.