எடைக்கு எடை உப்பு

தராசின் ஒரு தட்டில் பிலோமியை உட்கார வைத்துவிட்டு, மறு தட்டில் உப்பைக் கொட்டிக்கொண்டிருந்தான் சூசை. மத்திகிரி மாட்டுப்பண்ணையில் தவிடும் பிண்ணாக்கும் நிறுக்கிற தராசு அது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கேட்பாரில்லை. இரண்டரை வயதுப் பிள்ளை சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது. வேறு பிள்ளையாக இருந்தால் இந்நேரம் ஊரைக் கூட்டியிருக்கும். போன வருஷம் நிறுத்துப் பானையில் போட்டு வைத்த உப்பு இப்போது போதவில்லை. பிள்ளை வளர்ந்திருந்தது. இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டதும் முள் நேராக நின்றது. கடலுக்கே உப்பு கொண்டுபோகிற ஆள் உலகத்திலேயே நீ ஒருத்திதான் என்று சூசை பெண்டாட்டியைக் கேலி செய்தான். மேரிராணி சிரிக்கவில்லை.

வேளாங்கண்ணிக்குப் போக அவர்கள் போட்ட திட்டத்தில் இது மூன்றாவது. முதல் தடவை மூட்டை கட்டி முடித்த மறுநாள், தஞ்சாவூர்ப் பக்கம் புயல் அடித்துக் கரையோரமெல்லாம் போய்விட்டதாகச் செய்தி வந்தது. இரண்டாம் தடவை பண்ணை மாடுகளுக்குக் கோமாரி கண்டு ஒருவருக்கும் லீவு இல்லை என்றாகிவிட்டது. இந்த மே மாதம் சூசைக்குப் பத்து நாள் லீவு கிடைத்திருந்தது. அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஆயுளில் கடலைப் பார்த்ததில்லை. பண்ணையில் தலைமைக் குமாஸ்தா ஒருவர்தான் பார்த்தவர். அவரிடம் தினமும் போய் நின்று, கடல் எத்தனை தூரத்தில் காதுக்குக் கேட்கும், மணல் பிள்ளையின் காலைச் சுடுமா, கரையில் பால் கிடைக்குமா என்று கேட்டு ஒரு தாளில் பென்சிலால் எழுதி வந்தான். அங்கே தங்கும் நான்கு நாளில் பூசையும் காணிக்கையும் ஒரு நாள். மீதி மூன்று நாளும் சும்மா கடலோரம் உட்கார்ந்திருப்பது என்று தீர்மானம். பிள்ளைக்கு மணலில் வீடு கட்டித் தருவானாம். கொண்டுபோக வேண்டிய சாமான்களின் வரிசையில் மேரிராணி ஒன்றே ஒன்றைச் சேர்க்கச் சொன்னாள். கன்றுக்குட்டி கட்டுகிற கயிறு. பாயைச் சுற்றிக் கட்ட என்று காரணம் சொன்னாள். பாய்க்கு அவ்வளவு நீளம் எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

பிலோமி எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் வந்து மூன்று நாள் இறங்கவில்லை. மூன்றாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் பிள்ளையின் கண் மேலே செருகிவிட்டது. சூசை டாக்டரைக் கூட்டிவர ஓசூருக்கு ஓடியிருந்தான். விளக்கேற்றக்கூடக் கை வராமல், மேரிராணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அவள் ஜனங்களில் பல பேர் செய்கிற நேர்ச்சைதான். பிள்ளையை மாதாவுக்கே கொடுத்துவிட வேண்டியது. பிழைத்தால் கடலோரம் போய் முதல் முடி இறக்கி, எடைக்கு எடை உப்பு வைத்துத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியது. வாங்குகிற வரைக்கும் பிள்ளை மாதாவுடையது. பெற்றவள் வளர்த்துத் தருகிறவள் மட்டும். "இது உன் புள்ள. உனக்கே குடுத்துட்டேன், உசுரோட வுடு" என்று மேரிராணி இருட்டில் சுவரைப் பார்த்துச் சொன்னாள். டாக்டர் வந்து சேர்வதற்குள் பிள்ளையின் உடம்பு வியர்த்துக் காய்ச்சல் விட்டிருந்தது.

மறுநாள் காலையில் பூ வைக்கப் போனபோதுதான் அவள் படத்தை வெளிச்சத்தில் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் சுவரிலிருந்து கறையான் ஏறியிருந்தது. மாதாவின் முகம், நீல அங்கி, கையிலிருந்த பாலன் எல்லாம் போய் அந்த இடத்தில் செம்மண்தான் அப்பியிருந்தது. ஒரு நாளில் தின்றதல்ல அது. கீழே கால்பங்குப் படம் மட்டும் தப்பியிருந்தது: அலைகள், அலைமேல் ஒரு சின்னக் கப்பல். மேரிராணி சட்டத்தை ஆணியிலிருந்து கழற்றினாள். அவள் பிள்ளையை நீட்டிக் கொடுத்தபோது அந்தச் சட்டத்துக்குள் மாதா இல்லை. இருந்தது கடல். படத்தை அடுப்பில் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

பிலோமி பேச ஆரம்பித்தபோது அப்பா என்றது, மாடு என்றது, பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவை எள்ளம்மா என்றது. பெற்றவளை மட்டும் அப்பன் கூப்பிடுகிறதைக் கேட்டு ராணி என்றது. எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளையம்மா மடியில் போட்டுக்கொண்டு, எங்கே அம்மான்னு சொல்லு என்று சொல்லிக் கொடுத்துப் பார்த்தாள். பிள்ளை உதட்டைக் கூட்டும், பிறகு தலையை ஆட்டிவிடும். தெரியாதது போலில்லை, சொல்லக்கூடாதது போலிருக்கும். பிள்ளையின் வெட்டாத முடியில் ஒரு வாடை இருந்தது. எவ்வளவு சீயக்காய் தேய்த்தாலும் போகவில்லை. என்ன வாடை என்று மேரிராணிக்குப் பிடிபடவே இல்லை. ஓசூர் சந்தையில் ஒரு கருவாட்டுக்காரி புதுக் கூடையைத் திறந்தபோது தெரிந்தது. அவள் வாங்க வந்ததை வாங்காமலே வீடு திரும்பினாள்.

முத்தமிட்டால் பிள்ளையின் நெற்றி கரித்தது. காணிக்கை உப்பில் கையை விட்டுப் பூசிக்கொள்கிறது, வேறென்ன என்று சூசை சொன்னான். நியாயமான பேச்சுதான். மேரிராணி உப்புப் பானையை வெள்ளையம்மா வீட்டுப் பரணில் ஏற்றி வைத்தாள். அடுத்த நாளும் நெற்றி கரித்தது. அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் பிள்ளையைக் காணவில்லை. பண்ணை ஏரிக்கரையில் தண்ணீரைப் பார்த்துத் தன்னந்தனியாக நின்றுகொண்டிருந்தது. ஓடிப்போய் வாரி எடுத்தவளைப் பார்த்து நிதானமாக, "இது இல்ல" என்றது. ஏதோ கடையில் வேறு துணி எடுத்துக் காட்டச் சொல்கிறவளைப் போல.

சூசைக்குச் சோறு கொண்டுபோன ஒரு நாள் கொட்டிலில் வெங்கடப்பனைப் பார்த்தாள். பண்ணையில் நாற்பது வருஷமாகக் கன்று பார்க்கிறவர். தாய் செத்துப்போன ஒரு கன்றின் நெற்றியிலும் முதுகிலும் உப்பைத் தண்ணீரில் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தார். கன்று செத்துப்போன இன்னொரு பசுவைப் பக்கத்தில் அவிழ்த்து விட்டார். பசு முதலில் முட்ட வந்தது. பிறகு மோந்து பார்த்தது. பிறகு நாக்கை நீட்டிக் கன்றை நக்க ஆரம்பித்தது.

"அவ்ளோதாம்மா" என்றார் வெங்கடப்பன். "உப்புக்குன்னு நக்கும். நக்க நக்கத் தன் கன்னுன்னு ஆயிடும். அப்பறம் பெத்தவளே எந்திரிச்சு வந்தாலும் கிட்ட சேர்க்காது."

மேரிராணி சோற்றுத் தூக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். பிள்ளையின் நெற்றியில் உப்பு பூசுவது யார் என்று இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். யார் வந்து நக்குவதற்காகப் பூசுகிறார்கள் என்று இதுவரை கேட்கத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் சூசை பென்சிலும் தாளுமாக உட்கார்ந்ததும் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கறையான், படம், அடுப்பு, ஏரிக்கரை, எல்லாம். பயமாக இருக்கிறது, போனால் பிள்ளையோடு திரும்புவோமா தெரியவில்லை என்றாள். போகாவிட்டால் பிள்ளை கடைசிவரை நம்முடையதாகாது என்றும் சொன்னாள். கேலி செய்வான் என்று நினைத்தாள். அவன் பென்சிலைக் கீழே வைத்தான்.

"கறையான் தின்னுட்டா மாதா இல்லாம பூடுவாங்களா ராணி? நீ மாதாவ நெனச்சுத்தானே குடுத்த?"

"நான் அன்னிக்கு ஒண்ணுமே நெனக்கலிங்க. யார் எடுத்துக்கினாலும் சரின்னுதான் குடுத்தேன்."

அவன் கையிலிருந்த தாளை மடித்தான். வேண்டாமென்றால் விட்டுவிடலாம், லீவை ரத்து செய்துகொள்ளலாம் என்றான். அவன் குரலில் ஏமாற்றம் இருந்தது, அதைவிடப் பிரியம் இருந்தது. மூலையில் பிலோமி தன் கவுனை எடுத்து மடித்துக்கொண்டிருந்தது. யாரும் மடிக்கச் சொல்லித் தந்ததில்லை. மேரிராணி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "குடுத்தவ நான். நான்தான் போய்க் கேக்கணும்" என்றாள்.

வியாழக்கிழமை காலை ஓசூரில் சேலம் பஸ் ஏறினார்கள். உப்பு மூட்டை காலடியில் இருந்தது. பாயைச் சாதாரணச் சணலால் கட்டியிருந்தாள். கன்றுக் கயிற்றின் ஒரு முனை பிலோமியின் இடுப்பில் கவுனுக்குள் இருந்தது, மறுமுனை அவள் புடவைக்குள். சூசை அதைப் பார்த்தான். தன் துண்டை விரித்துக் கயிறு வெளியே தெரியாமல் மூடினான். சூளகிரி வரைக்கும் பிள்ளை மடியில் நின்றபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தது. அதைத் தாண்டிப் பாறைக் குன்றுகளுக்கு நடுவே ரோடு இறக்கத்தில் திரும்பியதும் கிழக்கே வெளியெல்லாம் திறந்துகொண்டது. காலை வெயிலில் அடிவானம் வரை வெளுத்துக் கிடந்த சமவெளி. கடல் இன்னும் ஒன்றரை நாள் தூரத்தில்.

"அம்மா" என்றது பிலோமி.

மேரிராணியின் உடம்பெல்லாம் அந்தச் சொல்லுக்குத் திரும்பியது. இரண்டு வருஷமாகக் காத்திருந்த சொல். பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் ஜன்னல் கம்பிக்கு வெளியே, அந்த வெளுப்பை நோக்கி நீட்டியிருந்தது. இடுப்புக் கயிறு விறைத்திருந்தது.

அவள் பிள்ளையைத் தன் பக்கம் திருப்பி இறுக்கிக்கொண்டாள். நெற்றியில் உதட்டை வைத்தாள். கரித்தது. நாக்கை நீட்டி நக்கினாள். எதிர் சீட்டுக்காரர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்த கையோடு பார்த்தார். சூசை மெல்ல அவள் தோளைத் தொட்டான். அவள் நிறுத்தவில்லை. நெற்றி, புருவம், காதோரம், முடியின் அடி என்று நக்கிக்கொண்டே இருந்தாள். பஸ் கிருஷ்ணகிரியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. உப்பு குறையவில்லை.