பிராது

எங்கள் நாய் செவலை அன்றும் கூழை நக்கி முடித்ததுமே வாசலில் கக்கியது. விளக்குமாற்றால் ஓங்கி ஒன்று வைத்தேன். ஒரு மாதமாக இதே கதை. பசியோடு வந்து குடிக்கும், முதுகை வளைத்து ஓக்காளிக்கும், பிறகு தப்புச் செய்தவன் நான்தான் என்பதுபோல என் முகத்தையே பார்க்கும்.

"நாளைக்கு வேப்பூர்ல கொண்டுபோயி லாரியில ஏத்தி விட்டுடறேன் பாரு" என்றேன்.

என் மகள் வாசுகி அழுதாள். ஐந்து வயது. சாப்பிட்டதும் அவளுக்கும் வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும். வசம்பு சுட்டுக் கொடுத்தோம், ஆஸ்பத்திரியில் பூச்சி மருந்து வாங்கினோம், ஒன்றும் கேட்கவில்லை. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஆத்திரம் எனக்கு. போன வாரம் மணவாளநல்லூர் போய் கொளஞ்சியப்பர் கோயிலில் சாமியிடம் நியாயம் கேட்டுக் காகிதத்தில் பிராது எழுதி வேலில் கட்டினேன். என் பிள்ளை வயிற்றைக் கெடுத்தவன் கை விளங்காமல் போகட்டும் என்று.

இது நடந்தது எழுபத்தொன்றில். அப்போது விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் வேலையில் இருந்தேன். பளபளப்புப் பூச்சில் சாமான்களை முக்கி எடுப்பது என் வேலை. பூச்சில் ஈயம் இருக்கிறது, விஷம், கை கழுவாமல் சோற்றைத் தொடாதே என்று சேர்ந்த அன்றே மேஸ்திரி சொன்னார். சூளையில் சரியாக வேகாததை உடைத்துப்போட வேண்டும். உடைக்க மனசு வராமல் இரண்டு மஞ்சள் கிண்ணங்களைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தேன். விளிம்பு பெயர்ந்தது செவலைக்கு. நல்லது வாசுகிக்கு. புளித்த கூழை அதில் ஊற்றினால்தான் குடிப்பாள்.

என் மனைவி பெரியநாயகிதான் கவனித்தாள். இரண்டு நாள் பூவரச இலையில் கூழ் ஊற்றினாள். செவலை கக்கவில்லை. மறுபடி கிண்ணத்தில் ஊற்றினாள். கக்கியது. இரண்டு கிண்ணங்களையும் வெயிலுக்குக் கொண்டுவந்து உள்ளே விரலால் தடவினாள். கூழ் நிற்கும் மட்டம் வரைக்கும் பளபளப்பே இல்லை, சொரசொரப்பாக இருந்தது. வாசுகியுடையதிலும்.

"இதுல இருந்த பூச்சு எங்கங்க போச்சு?" என்றாள்.

அவள் இரண்டையும் அம்மிக்கல்லில் அடித்து உடைத்தாள். வாசுகி அழுது ஓய்ந்து, என் முன்னால் வந்து உட்கார்ந்து இரண்டு கையையும் குவித்து நீட்டினாள்.

"கையில ஊத்துப்பா."

கூழைக் கரைக்கப் பானைக்குள் விடப்போன என் கையைப் பார்த்தேன். கழுவிய கைதான். நகக்கண்ணில் பட்டறைப் பூச்சு வெள்ளையாக இருந்தது. வேலில் கட்டிய அந்தக் காகிதம் அங்கே காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

வாசுகி ஏந்திய கையை இறக்கவில்லை.