கல்வெட்டில் ஒரு பெயர்

வல்லிபுரம் கண்ணை மூடி இருபத்தாறு நாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்கள் கையில், இறந்தவரின் வம்சாவளியை அச்சடித்த கல்வெட்டுப் புத்தகம் கொடுத்தாக வேண்டும். யாழ்ப்பாணத்து வழக்கம், கடல் தாண்டி பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தும் விடவில்லை. தன் வம்சாவளியை மனுஷன் உயிரோடு இருக்கும்போதே கம்ப்யூட்டரில் அடித்து, டிஸ்கெட்டில் போட்டு வைத்திருந்தார். யாரையும் நம்பாத பிறவி.

அதில் மூத்த மகளின் பெயரும் இருந்தது. வீட்டுக்கு ஆகாதவனைக் கட்டிக்கொண்டு போனவள். பதினோரு வருஷமாக அந்தப் பெயரை அவர் மனைவி மீனலோசனி இந்த வீட்டில் யாரையும் சொல்ல விட்டதில்லை. புருஷனையும்தான்.

அரசாங்க ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவளுக்கு ஒரு வரியை அழிப்பது பெரிய காரியமா? அழித்தாள், சேவ் செய்தாள். பெட்டி கர்ரென்று உறுமியது. திரை அப்படியே நின்றுவிட்டது. அணைத்துப் போட்டால் பெயர் பழைய இடத்திலேயே இருந்தது. நான்கு தடவையும் அப்படித்தான். அவருடைய ஈசிச்சேர் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

பெட்டாலிங் ஜெயா கம்ப்யூட்டர் கடையிலிருந்து வாசு வந்தான். மூடியைக் கழற்றினான், மெமரியை மாற்றினான், வைரஸ் தேடினான். ஒன்றும் அகப்படவில்லை.

"அவர் விடுறாரில்லை, தம்பி" என்றாள் மீனலோசனி.

"வேற எதையாச்சும் மாத்தி சேவ் பண்ணிப் பாத்தீங்களா, ஆன்டி?"

பார்க்கவில்லை. அந்த ஒரு பெயரைத் தவிர வேறெதுவும் அவள் கண்ணில் படவே இல்லை.

வாசு ஒரு கமாவைச் சேர்த்து சேவ் செய்தான். அதே உறுமல். திரை நின்றது.

"பேய் இல்ல லா ஆன்டி, டிஸ்கெட் தேஞ்சு போச்சு. படிக்குது, எழுத மாட்டேங்குது. புரோகிராம் பழசு, சொல்லத் தெரியாம ஹேங் ஆயிடுது." புது டிஸ்கெட்டில் ஏற்றிக் கொடுத்தான். "இப்ப அழிங்க."

அழித்தாள். பெட்டி சாதுவாக முனகிவிட்டு அடங்கியது. அணைத்துப் போட்டாள். பெயர் வரவில்லை. இன்னொரு தடவை அணைத்துப் போட்டாள்.

தகனத்தன்று அழாதவள் அப்போது அழுதாள். தடுப்பதற்கு இனி அவர் இல்லை. இனி எதைச் செய்தாலும் அது அவள் ஒருத்தி செய்ததுதான்.

"பிரிண்ட் எடுக்கவா, ஆன்டி?"

"பொறு தம்பி. ஒரு பேர் விட்டுப்போச்சு."

"சொல்லுங்க, அடிக்கிறேன்."

பதினோரு வருஷம் சொல்லாத பெயர். இரண்டு தடவை முயன்றுவிட்டு, "யோகமலர்" என்றாள்.

வாசு அடித்தான். "பிள்ளைங்க இருக்கா ஆன்டி? பேரப்பிள்ளைங்க வரிசையில போடணும்ல?"

மீனலோசனிக்குத் தெரியவில்லை.