பெரிய வியாழன் நாற்காலி

பெரிய வியாழன் பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் பாதம் கழுவ, மலேசியாவின் பாசிர் கூடாங் சர்ச்சில் பன்னிரண்டு ஆண்களை உட்கார வைப்பார்கள். பதினேழு வருஷமாக அதில் ஒரு நாற்காலி சூசைநாதனுக்குத்தான். முதல் நாளே நகம் வெட்டி, குதிகாலைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் போவார். ஃபாதர் மண்டியிட்டு அந்தக் காலை முத்தமிடும்போது அவருக்குக் கண் கலங்கிவிடும். வீட்டுக்கு வந்தால் கலக்கமெல்லாம் காய்ந்துவிடும்.

போன வருஷம் அன்றைக்குத்தான் மனைவி பிலோமினா இடது காலை நீட்டிக்கொண்டு கெஞ்சினாள். சர்க்கரைப் புண்.

"குனிய முடியலைங்க. கொஞ்சம் கழுவிக் கட்டிவிடுங்களேன்."

"புருஷன்தான் தலைன்னு வேதமே சொல்லுது. தலை போய்க் காலைக் கழுவுமா? ரெஜினா வரட்டும்."

மகள் ரெஜினாவுக்கு சிங்கப்பூரில் வேலை. அவள் சனிக்கிழமை வந்து கட்டைப் பிரித்தபோது பாதம் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் பிலோமினா எழுந்து நடக்கவே இல்லை. இன்று காலை போய்ச் சேர்ந்துவிட்டாள்.

பெட்டியில் வைக்கப் போனவர்களை சூசைநாதன் தடுத்தார். "ரெஜினா, ஒரு பேசின்ல தண்ணி கொண்டாம்மா."

அவள் கொண்டுவந்து வைத்தாள். அத்தனை பேர் முன்னாலும் அவர் மண்டியிட்டார். போர்வையை விலக்கினார். இருந்த ஒரே காலைக் கழுவினார், துடைத்தார், முத்தமிட்டார்.

கழுவச் சொல்லிக் கெஞ்சியது இந்தக் கால் இல்லை.